மூளைக்கும் ஓர் அளவு சட்டை

புதுக்கோட்டையில் கீழே கடை, நடுவில் பட்டறை, அதற்கு மேலே குடித்தனம் என்று நிற்கிறதே ஒரு கட்டடம், அது நான் கட்டியது. இந்த மாவட்டத்தில் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் போகிற பேண்டு செட்டில் எவன் மினுமினுவென்று நின்றாலும் அந்த மினுமினுப்பு என் மெஷினில் இருந்து வந்தது. பாதிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என் சீருடையில்தான் பரீட்சை எழுதினார்கள். நான் எழுதிய கடைசிப் பரீட்சை ஐந்தாம் வகுப்பில், அதுவும் முழுசாக எழுதவில்லை. அப்பா எனக்கென்று விட்டுப்போனது ஒரு குடை. கம்பி ஒடிந்த குடை. பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற ஊசியில் ஆரம்பித்த கை இது.

கடைக்கு இடம் பார்த்தபோது தெருக்குத்து, வேண்டாம் என்றார்கள். தெரு நேராக வந்து கடையைக் குத்துகிறது என்றால் அந்தத் தெருவில் வருகிற ஆளும் நேராக என் கடையில்தானே வந்து நிற்பான்? அப்படிக் கணக்குப் போட்டேன். நின்றார்கள். வரிசையில் நின்றார்கள்.

என் லேபிளைப் பார்த்திருப்பீர்கள். சிவப்புத் துணியில் மஞ்சள் எழுத்து. காலருக்கு உள்பக்கம், பிடரியில் படுகிற இடத்தில் வைப்போம். சிங்கப்பூர் போய் வந்த சட்டையில்கூடத் துணி வெளுத்திருக்கும், லேபிள் வெளுத்திருக்காது.

புதிதாகத் தொழிலுக்கு வந்த பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதுங்கள் என்று நம் தையல்காரர் சங்க மலருக்காகக் கேட்டார்கள். எப்படி வெட்டுவது என்று எழுத மாட்டேன், அதையெல்லாம் போனில் பார்த்துக்கொள்கிறீர்கள். ஆள் எதிரே நிற்கும்போது என்ன செய்வது என்று எந்தப் போனும் சொல்லாது. அதை எழுதுகிறேன்.

எனக்கு அறந்தாங்கியில் தொழில் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் ஒருவர் இருந்தார். டேப்பைக் கண்டால் மனுசனுக்கு வயிறு உள்ளே போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் டேப்பை ஆளின் இடுப்பில் சுற்றிக்கொண்டே, "ஒங்க சம்பந்தி எப்படி இருக்காரு?" என்று கேட்பார். சம்பந்தி என்ற சொல் காதில் விழுந்ததும் ஆள் பிடித்த மூச்சை விட்டுவிட்டுத் திட்ட ஆரம்பிப்பார். வயிறு தன் இடத்துக்கு வந்து உட்காரும். அப்போது டேப்பை இழுத்துப் பிடிப்பார். டாக்டரைக் கண்டதும் சிலருக்குப் பிரஷர் ஏறிவிடும் என்று இப்போது சொல்கிறார்களே, எங்கள் மாஸ்டர் அதை இடுப்பிலேயே கண்டுபிடித்தவர்.

அவர் சொன்ன இன்னொன்று: "அளவு சட்டைய நம்பாதடா. அது அந்தாளோட பழைய ஒடம்பு." வாடிக்கையாளர் நேரில் வராமல், போட்டுக் கழித்த சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்பி 'இதே அளவுக்குத் தைங்க' என்பாரே, அதுதான் அளவு சட்டை. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இதனால் ஒரு பேண்டு மாஸ்டரின் உயிர் ஊசலாடியதும், அந்த உயிரை நான் மீட்டதும்தான் யாருக்கும் தெரியாது.

அந்தப் பேண்டு மாஸ்டர் ஊதுவது டிரம்பெட். திருவரங்குளம் பக்கத்து ஆள், என்னைவிட இளையவர், ஆனாலும் தலை நரைத்தவர். அவரையும் ஊரில் மாஸ்டர் என்பார்கள், என்னையும் மாஸ்டர் என்பார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். அவர் வாயில் ஒரு சொட்டுச் சாராயம் பட்டதில்லை. சோடா குடித்தாலும் நாலு பேர் பார்க்க உடைக்கச் சொல்லித்தான் குடிப்பார். பேண்டுக்காரன் என்றாலே குடிப்பான் என்கிற பேச்சைத் தன்னோடு முடித்துவிட வேண்டும் என்று ஒரு வைராக்கியம்.

முகூர்த்தக் காலம் தொடங்கும் முன் புதுக் கோட்டு வேண்டும் என்று சொல்லியனுப்பினார். மெரூன் துணி, தங்கச் சரிகை, கழுத்தைச் சுற்றி நிமிர்ந்து நிற்கிற காலர், முன்னால் கொக்கி. அளவு கொடுக்க வர அவருக்கு நேரமில்லை. டிரம் அடிக்கிறவர் பழைய கோட்டைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். நான் அந்தக் கோட்டை அளந்தேன். ஒரு நூல் பிசகாமல் அளந்தேன். காலருக்குள் கேன்வாஸ் இரட்டையாக வைத்தேன். என் காலர் தானும் நிமிர்ந்து நிற்கும், ஆளையும் நிமிர்த்தி வைக்கும். பழைய கோட்டு தைத்த பிறகு அவருக்குக் கழுத்து பெருத்திருக்கிறது. கோட்டு அதை என்னிடம் சொல்லவில்லை.

அவரும் சொல்லவில்லை. இறுக்கமாக இருந்தால்தான் மரியாதை என்று நினைத்துக்கொண்டார்.

அவர் முதலில் விழுந்தது திருவரங்குளத்தில், ஒரு மாப்பிள்ளை அழைப்பில். பாட்டை மாற்றச் சொல்லி இடது பக்கம் டிரம்காரர்களைத் திரும்பிப் பார்த்திருக்கிறார். பார்த்தவர் அப்படியே வெட்டிய வாழை மாதிரி சாய்ந்து, பூச்சரம் சுற்றிய காரின் முன்னால் விழுந்தார். கண் மூடித் திறப்பதற்குள் எழுந்துவிட்டார். விட்ட இடத்தில் இருந்து ஊதினார். எழுந்ததுதான் வினை. நோயாளி என்றால் படுத்துக் கிடக்க வேண்டும் இல்லையா? விழுந்த சூட்டோடு எழுந்து ஊதினால் ஊர் என்ன பேசும்?

"சாயங்காலத்துலேயே ஏத்திட்டாரா மாஸ்டரு?"

"ஏத்துனாலும் சுருதி விலகல பாத்தியா."

அடுத்தது கட்டுமாவடியில். இடது பக்கம் மீன் லாரி ஆரன் அடிக்க, திரும்பினார், விழுந்தார். மீன் விற்கிற ஆத்தா ஒருவர் கிட்டே போய் வாயை மோந்து பார்த்துவிட்டு, "குடிக்கல்லப்பா, டீ வாசந்தான் வருது" என்று சாட்சி சொல்லியிருக்கிறார்.

"நாள் முழுக்க மீனுக்குள்ள ஒக்காந்திருக்கிற ஒனக்கு என்ன வாசம் தெரியும் ஆத்தா?" என்று அந்தச் சாட்சியையும் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் கோட்டு ராசி இல்லண்ணே."

"என்னது?"

"இதப் போட்டா விழுறேன். போடாத அன்னிக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுல எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டாச்சு. எனக்குச் சுத்துனப்ப கோட்டையும் பக்கத்துல வச்சுச் சேத்துத்தான் சுத்துனா."

"என் கோட்டுக்கா? எலுமிச்சம்பழமா?"

கல்லாவில் இருந்த என் வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாத்திர மருந்து ஏதாச்சும் சாப்புடுறியா தம்பி?" என்று கேட்டேன்.

"பிரஷர் கன்னாபின்னான்னு இருக்குன்னு ஒரு மாத்திர குடுத்தாங்க. போட்டா கிறுகிறுங்குது. நிப்பாட்டிட்டேன். நிப்பாட்டுனா கும்முனு இருக்கு."

"ஏங்க," என்றாள் வீட்டுக்காரி, "மொதல்ல ஒங்களுக்குப் பிரஷர் பாக்கணும். காது செவந்துபோச்சு."

சிவக்காமல் என்ன செய்யும்? அடுத்து குடுமியான்மலையில் பெரிய வீட்டுக் கல்யாணம் ஒன்று அந்த செட்டுக்கு வந்திருந்தது. பாறையிலேயே சங்கீதத்தை வெட்டி வைத்திருக்கிற ஊர். அங்கே விழுந்தால் அதையும் வெட்டி வைத்துவிடுவார்கள். இன்னொரு தடவை விழுந்தால் டிரம்பெட்டை அவர் மச்சினன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று செட்டில் பேசி முடித்துவிட்டார்களாம். மச்சினன் குடிப்பவர். ஆனால் விழாத குடிகாரர். குடிக்காத மனுசன் குடிகாரப் பட்டம் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டும், பழி என் கோட்டுக்கு வர வேண்டும். இரண்டில் ஒன்றைக்கூட நான் விடுவதாக இல்லை.

"கோட்டப் போடு," என்றேன். "கோட்டோடயே டாக்டரம்மாட்ட போவோம். குத்தம் கோட்டுலயா, ஒன் ஒடம்புலயான்னு தெரிஞ்சுபோகும்."

மெரூன் கோட்டில் சரிகை பளபளக்க என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தார். வழியில் ஒருவர், "யாரு வீட்டுல விசேசம்?" என்று கேட்டார். பேண்டு மாஸ்டர் திரும்பவில்லை. அந்தக் காலரில் திரும்புவது அவ்வளவு சுலபம் இல்லை. அன்றைக்கு அதுவே எங்கள் இரண்டு பேருக்கும் நல்லதாகிவிட்டது.

டாக்டரம்மா என் வாடிக்கையாளர். அவர் போடுகிற வெள்ளைக் கோட்டு நான் தைத்தது, அதனால் என்னை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். பேண்டு மாஸ்டரை ஸ்டூலில் உட்காரவைத்துக் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். என்ன அளவு என்று வாயால் சொல்லவில்லை, புருவம் சொல்லிவிட்டது. நான் கதவோரம் நின்று கோட்டின் அருமையை விளக்கிக்கொண்டிருந்தேன். துணி எங்கே எடுத்தது, சரிகை எங்கே வாங்கியது, ராசி என்றால் என்ன, எல்லாம். ஏதோ எடுக்க இடது பக்கம் அலமாரிக்குப் போன டாக்டரம்மா, அங்கே இருந்தபடி சொன்னார்.

"மாஸ்டர், கொஞ்ச நேரம் பேசாம இருக்கீங்களா?"

எனக்குச் சொன்னது. ஆனால் மாஸ்டர்கள் இரண்டு பேருமே இடது பக்கம் திரும்பினோம். ஒருவர் விழுந்தோம்.

நர்ஸம்மா ஓடிவந்து தாங்கிப் பிடித்துத் தரையில் படுக்கவைத்தார். டாக்டரம்மா மணிக்கட்டில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "கழுத்த லூஸ் பண்ணுங்க, சீக்கிரம்" என்றார். நர்ஸம்மா கொக்கியோடு போராடினார். என் கொக்கி அவ்வளவு லேசில் வராது. அது வரக்கூடாது என்றுதானே தைத்திருக்கிறேன்.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். நூல்வெட்டி எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும், பெண் பார்க்கப் போனபோதும் இருந்தது. எடுத்துவிட்டேன். எடுத்தாயிற்று, எங்கே வெட்டுவது? துணியில் குறுக்கே விட்டால் கோட்டு போச்சு. யோசித்துக்கொண்டு நின்றால் ஆள் போச்சு. காலரும் உடம்பும் சேருகிற தையலில் நூல்வெட்டியை நுழைத்து ஒரே இழுப்பு. தையல் பிரிந்து காலர் வாயைத் திறந்தது. துணியில் ஒரு கீறல் இல்லை. நாளைக்கே திரும்பத் தைக்கலாம். பதற்றத்தில் வெட்ட வேண்டி வந்தால் தையலோடு போங்கள், துணியில் கை வைக்காதீர்கள். என் ஆயுசில் நான் வெட்டியதிலேயே சுத்தமான வெட்டு அது. பார்த்தது இரண்டே பேர், அவர்களுக்குத் தையல் தெரியாது.

பேண்டு மாஸ்டர் கண்ணைத் திறந்து, "டிரம்பெட் எங்க?" என்றார்.

டாக்டரம்மா அந்தக் காலரைத் திருப்பிப் பார்த்தார். லேபிளைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எப்பவும் திரும்புறப்பதான் விழுவீங்களா?" என்று பேண்டு மாஸ்டரைக் கேட்டார்.

"யோசிச்சா அப்படித்தாம்மா. இடது பக்கந்தான்."

கட்டிலில் படுக்கவைத்து, நெஞ்சில் வயர்களை ஒட்டி, காலர் இல்லாமல் திரும்பச் சொன்னார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு மெஷினில் ஓடுகிற இதயத் துடிப்பின் கோட்டைப் பார்த்துக்கொண்டே தாடைக்குக் கீழே ஒரு இடத்தில் விரலால் இதமாக அழுத்தினார். மேலும் கீழும் துள்ளிக்கொண்டிருந்த கோடு, நூல் அறுந்த மெஷின் மாதிரி, தையல் விழாமல் வெறுமனே ஓடியது. விரலை எடுத்ததும் மறுபடி துள்ளியது. இதைப் படித்துவிட்டு வீட்டில் யார் கழுத்தையும் அமுக்கிப் பார்க்காதீர்கள். அது டாக்டர் வேலை, அதுவும் மெஷினை வைத்துக்கொண்டு.

டாக்டரம்மா விளக்கினார். "கழுத்துல ரெண்டு பக்கமும், மூளைக்குப் போற ரத்தக்குழாய் பிரியிற எடத்துல, குழாயோட சுவத்துலயே நரம்பு இருக்கு. உள்ள ரத்தம் எவ்வளவு அழுத்துதுன்னு மூளைக்குச் சேதி சொல்லிக்கிட்டே இருக்கும். அழுத்தம் கூடிடுச்சுன்னு சேதி வந்தா, இதயத்த மெதுவா அடின்னு மூளை உத்தரவு போடும். குழாயத் தளர விடும். வயசாகி, பிரஷரும் ரொம்ப நாள் இருந்தா, சில பேருக்கு இந்த எடம் தொட்டாச்சிணுங்கி ஆயிடும். நீங்க திரும்புறப்ப காலர் வெளியில இருந்து அமுக்குது. நரம்புக்கு உள்ள வெளியன்னு தெரியாது. பிரஷர் எகிறிடுச்சுன்னு மூளைக்குச் சொல்லிடுது. மூளை நம்பி இதயத்த நிறுத்தி வைக்குது. நீங்க விழுறீங்க."

"அப்ப கோட்டுதான்," என்றார் பேண்டு மாஸ்டர், என்னைப் பார்த்து.

"ஒன் நரம்பு பொய் சொல்லுது, அத ஒன் மூள நம்புது. இதுல கோட்டு என்ன பண்ணுச்சு?" என்றேன்.

"காலர் வேண்டாம்," என்றார் டாக்டரம்மா. "மாத்திர மட்டும் விடாமப் போடணும்."

"அதான் காலர வெட்டியாச்சே, இனி எதுக்கும்மா மாத்திர? அதப் போட்டாத்தான் கிறுகிறுங்குது."

"இப்ப இருக்கிற பிரஷருக்கு மாத்திர இல்லாம விட்டா, மூளையில ஒரு குழாய் வெடிக்கலாம். அப்ப விழுந்தா எந்திரிக்க மாட்டீங்க. இத்தன வருசமா மூளை அந்த ஒசந்த பிரஷரையே சரியான பிரஷர்னு எடுத்துக்கிச்சு. மாத்திர போட்டு எறக்குனா, கொறஞ்சுபோச்சேன்னு மறுபடி ஏத்தப் பாக்கும். பழகுறவரைக்கும் தலை கிறுகிறுக்கும்."

பேண்டு மாஸ்டர் தலையை ஆட்டினார். கல்யாண வீட்டில் யாராவது தெரியாத பாட்டு கேட்டால் பேண்டுக்காரர்கள் ஆட்டுவார்களே, அந்த ஆட்டு. வெளியே போனதும் மாத்திரையைத் தூக்கிப் போடப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தம்மா சொன்னது சரி. ஆனால் சரியாகச் சொல்வது வேறு, ஆளுக்குப் பொருந்துகிற மாதிரி சொல்வது வேறு. பொருத்துவது என் தொழில்.

"தம்பி, இங்கிட்டுப் பாரு. மெல்லத் திரும்பு," என்றேன். "நீ ஒரு பழைய கோட்ட அளவுக்குக் குடுத்து விட்டியே, அது மாதிரி ஒன் மூளகிட்டயும் ஒரு அளவு சட்ட இருக்கு. தப்பான அளவு சட்ட. இத்தன வருசமா அத வச்சுத்தான் அது வெட்டிக்கிட்டிருக்கு. இப்ப இந்தம்மா சரியான அளவுக்குத் தைச்சுக் குடுத்தா, 'இது என் அளவு இல்லையே'ன்னு கத்துது. அதான் ஒனக்குக் கிறுகிறுப்பு. ஒரே நாள்ல ரெண்டு இஞ்சு உள்ள பிடிச்சா யாரா இருந்தாலும் சண்டைக்குத்தான் வருவாரு. ஒவ்வொரு தையலாப் பிடிச்சா ஒடம்பே அதுக்கு ஒத்துக்கும். பழைய அளவு சட்டையத் தூக்கிப் போட வைக்கணும். அதுக்குத்தான் மாத்திர."

எழுதிக்கொண்டிருந்த டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அதேதான்," என்றார். கொஞ்சமாக ஆரம்பித்து மெல்ல மெல்லக் கூட்டுகிறேன், படுக்கையில் இருந்து நிதானமாக எழுந்திருங்கள் என்று சொல்லி மாத்திரையை மாற்றி எழுதினார்.

பேண்டு மாஸ்டர் அந்தச் சீட்டை வாங்கிக் கோட்டுப் பையில் வைத்தார். "அப்ப என் மூளையும் ஒங்ககிட்டதான் தைக்கக் குடுத்திருக்காண்ணே?" என்றார்.

அன்றிலிருந்து மாத்திரையை விடவில்லை.

காலரை இறக்கி, முன் கழுத்தைத் திறந்து, அதே கோட்டைத் திரும்பத் தைத்துக் கொடுத்தேன். இந்தத் தடவை டேப்பைக் கழுத்திலேயே வைத்து, சம்பந்தியை விசாரித்து அளவெடுத்தேன். குடுமியான்மலைக் கல்யாணத்துக்கு எனக்கு அழைப்பு இல்லை, ஆனாலும் போனேன். முன்னால் நின்றேன். பாட்டு மாறுகிற இடம் வந்தது. பேண்டு மாஸ்டர் இடது பக்கம் திரும்பினார். என் கை தானாகச் சட்டைப் பைக்கு, நூல்வெட்டிக்குப் போனது. திரும்பினார், கையைக் காட்டினார், ஊதினார், நின்றார். வேண்டுமென்றே இன்னொரு தடவை திரும்பி என்னைப் பார்த்து ஊதினார். அன்றைக்கு விழுந்தது மச்சினன். அவர் காலரில் எந்தப் பிழையும் இல்லை.

இதில் இருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது: கழுத்துப் பட்டனைப் போட்ட பிறகு காலருக்குள் விரல் நுழைய வேண்டும். வயசானவர், பிரஷர்காரர் என்றால் இன்னும் தாராளமாக நுழைய வேண்டும். போட்டுக்கொண்டு இங்கிட்டும் அங்கிட்டும் திரும்பச் சொல்லுங்கள். நின்றால் அனுப்புங்கள். அளவு சட்டை வந்தால் வாங்கி வையுங்கள், ஆனால் ஆளையும் வரச் சொல்லுங்கள்.

இனி சொல்லப்போவதைச் சங்கத்து நிர்வாகிகளும் படிக்க வேண்டும்.

பிறகு திருவரங்குளத்தில் நம் சங்கமும் சேர்ந்து பிரஷருக்கு ஒரு முகாம் நடத்தியது. டாக்டரம்மா பேசினார். "உங்க மூளைகிட்ட ஒரு தப்பான அளவு சட்டை இருக்கு" என்று ஆரம்பித்தார். அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த சனம் நிமிர்ந்து உட்கார்ந்தது. மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்கள் ஒவ்வொருவராக எழுந்துபோய் மறுபடி சீட்டு வாங்கினார்கள். மேடைக்குப் பின்னால் பேனர்: 'மூளையின் அளவு சட்டையை மாற்றுவோம்'. பேண்டு மாஸ்டரை மேடையில் ஏற்றிச் சால்வை போட்டார்கள். அவர் டாக்டரம்மாவுக்கு நன்றி சொன்னார். டாக்டரம்மா அவருக்கு நன்றி சொன்னார். மைக் செட்டுக்காரருக்குக்கூட நன்றி சொன்னார்கள். நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

எழுந்திருக்கப் போனேன். வீட்டுக்காரி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சும்மா ஒக்காருங்க. அந்தக் கழுத்த நெரிச்சது யாருன்னு அவங்க சொல்லாம விட்டதே பெருசு."

அவளுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். பிரஷர் சத்தம் போடாத நோய். உள்ளேயே இருந்து ஒரு நாள் ஆளை முடித்துவிடும். பேண்டு மாஸ்டர் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கும்மென்று இருக்கிறது என்று திரிந்தவர். என் காலர் தளர்வாக இருந்திருந்தால் அவர் விழுந்திருக்க மாட்டார். விழாதவர் டாக்டரிடம் போயிருக்க மாட்டார். சத்தம் போடாத நோயை நடுத்தெருவில் சத்தம் போட வைத்தது என் இரட்டைக் கேன்வாஸ். அவரைக் கூட்டிப்போனது என் வண்டி. கழுத்தைத் திறந்தது என் நூல்வெட்டி. மூளைக்குள் போன பேச்சு என் பேச்சு.

அதனால் கேட்கிறேன். அடுத்த முகாமுக்குப் பேனர் அடிக்கும்போது டாக்டரம்மா படம் மேலே இருக்கட்டும், அவர் படித்தவர். பேண்டு மாஸ்டர் டிரம்பெட்டோடு நடுவில் நிற்கட்டும், அவர் பிழைத்தவர். அந்தப் பேச்சை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும், அது எல்லோருக்கும் பொருந்துகிற மாதிரி தைத்ததுதான். ஆனால் எந்த உடுப்பானாலும் தைத்தவன் பேர் அதன் கழுத்தில் இருக்க வேண்டும், அது நம் தொழில் தர்மம். பேனரின் பின்பக்கம், மேலே, பிடரி வருகிற இடத்தில், சிவப்பில் மஞ்சள் எழுத்து. லேபிள் எடுத்து வைத்துவிட்டேன். ஊசியும் நூலும் நானே கொண்டுவருகிறேன்.